சித்தப்பாவுக்கு நீ போட்ட வருஷம்

கார்த்தி,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். இதை முடிக்க உனக்கு நேரம் ஆகும். ஆகட்டும். கடையில் கணக்கு எழுதும் பெண்ணிடம் சொல்லி ஆங்கிலத்தில் அடித்து வாங்கியிருந்தால், மெட்ரோவில் நின்றுகொண்டே கண்ணை ஓட்டிவிட்டு ‘ஓகே அப்பா’ என்று பதில் போட்டிருப்பாய். இந்த விஷயம் அப்படி முடியக்கூடாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சங்கரன்கோவிலிலிருந்து சிங்கப்பூர் வரை எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் இதை அனுப்பப் போகிறேன். உன் சித்தப்பா சங்கரன் செத்துப்போனதாக உன் கல்யாண மண்டபத்து வாசலில் எல்லோரும் பார்க்க எழுதி வைத்தாய். அதை இல்லை என்று சொல்வதையும் எல்லோரும் பார்க்கத்தான் சொல்ல வேண்டும்.

குழுவில் இருக்கும் சின்ன வயதுக்காரர்களுக்குச் சங்கரன் யார் என்று தெரிந்திருக்காது. என் தம்பி. நான் டெல்லிக்கு வந்த புதிதில் கோல் மார்க்கெட்டில் ஓர் உறவுக்காரரின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், சமையலறைக்கு வெளியே பாய் போட்டுப் படுத்தேன். மாயாபுரியில் பழைய ஜெனரேட்டர் வாங்கி விற்கும் கடையில் எடுபிடியாக இருந்தேன். பிறகு சொந்தமாக ஒரு ஷட்டர் போட்ட கடை எடுத்தபோது ஊரிலிருந்து முதலில் வரவழைத்தது அவனைத்தான். விலை பேசுவது நான். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்வது அவன். ஒருநாள் கான்பூரில் மூடிப்போன மில் ஒன்றில் ஜெனரேட்டர் விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரயில் ஏறினான். மில்லுக்குப் போயிருக்கிறான், சாமானைப் பார்த்திருக்கிறான், காவலாளியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷா பிடித்திருக்கிறான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சண்டை கிடையாது, மனக்கசப்பு கிடையாது, கையில் பெரிய தொகையும் கிடையாது. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு, சாமியார் மடம் என்று நான் போகாத இடம் இல்லை. எத்தனையோ துணியை விலக்கிக் காட்டினார்கள். எதற்குள்ளும் என் தம்பி இல்லை. அவன் செத்தான் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இல்லை. இருக்கிறான் என்பதற்கும் இல்லை. இவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது யாரோ இட்டுக்கட்டியது.

கோமதி அவன் மனைவி. உன் அம்மா தவறியபோது நீ இரண்டாம் வகுப்பு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நீதான் பிள்ளை ஆனாய். மோதி பாக் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் அவள். உனக்கு டைபாய்டு வந்தபோது, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாதவள், டாக்டர் முன்னால் உட்கார்ந்து காய்ச்சல் இறங்கவில்லை என்பதற்கு ‘புகார் நஹீ உதர்தா’ என்று எங்கேயோ கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னாள். சங்கரன் காணாமல் போன பிறகு அவளுடைய அண்ணன்மார் ஊருக்குக் கூப்பிட்டார்கள். மனைவி இல்லாத மூத்தாரும் புருஷன் வராத தம்பி பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருப்பதை ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: “அவுக வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவாவ. நான் ஊர்ல இருந்தா யாரு கதவத் தொறக்க?” அதற்காகத்தான் கார்த்தி, கையில் வசதி வந்த பிறகும் நாம் அந்த சத்ய நிகேதன் மாடி வீட்டை விட்டு அசையவில்லை. கீழே காலேஜ் பிள்ளைகளுக்கான கஃபே வந்தது, பாட்டுச் சத்தம் வந்தது, எதிர்வீடெல்லாம் பி.ஜி. விடுதி ஆனது. துவாரகாவில் பெரிய ஃப்ளாட் பார்த்துவிட்டு வந்து ‘ஏன் அப்பா நாம் மட்டும் இங்கேயே?’ என்று நீ கேட்டபோதெல்லாம் நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். காரணம் இதுதான். உனக்கும் அது தெரியும்.

இப்போது உன்னுடைய அந்த டேட்டாபேஸுக்கு வருகிறேன். போன வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பை மேஜையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு, யார் எப்போது பிறந்தார், எப்போது கல்யாணம் என்று நீ கேட்கக் கேட்க நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? கடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவன், என் தாத்தாவைப் பற்றிக் கேட்கிறான் என்று பூரித்துப்போனேன். நம் ஆட்களில் தேதி தெரிந்தவர்கள் குறைவு. என் தலைமுறையில் பாதிப்பேர் சர்டிபிகேட்டில் ஜூன் மாதம் பிறந்தவர்கள். அது பெற்றவள் பெற்ற நாள் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் பெற்ற நாள். இதைச் சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஊரில் இருக்கும் என் சின்னம்மாவுக்குப் போன் போட்டு, உங்களுக்கும் எங்க ஆச்சிக்கும் எத்தனை வயசு வித்தியாசம் என்று கேட்டாய். “ஏல, அவ எனக்கு மூத்தவதாம். ஆனா சடங்கு எனக்குத்தாம்ல மொதல்ல ஆச்சு. அதுல அவளுக்கு எங்கூட மூணு மாசம் பேச்சு கெடையாது” என்று அந்த அம்மாள் சொன்னதை எப்படிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று நாம் இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கோமதி காபியோடு வந்து, “அதயும் போடுல, உண்மதான!” என்றாள்.

தேதி இல்லாதவர்களுக்கு அந்த சாஃப்ட்வேர் எப்படித் தேதி வைக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மூத்த பிள்ளை பிறந்த வருஷம் தெரிந்தால், கல்யாணம் அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால். தாய்க்கு அப்போது இருபதுக்கு மேலே. கூடப் பிறந்தவர்களுக்கு இடையே இரண்டிரண்டு வருஷம். நம் பக்கத்து வழக்கத்துக்கு இது சரிப்படாது, அந்தக் காலத்தில் பதினாறில் கட்டிக்கொடுத்தார்கள், ஐந்து பிள்ளையில் இரண்டு தங்காது, ஆகவே இடைவெளியை மாற்று என்று நான் சொன்னேன். நீயும் மாற்றினாய். கணித்துப் போட்ட வருஷத்துக்கெல்லாம் முன்னால் ‘சுமார்’ என்று வரும்படி செய்தாய். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. என் தொழிலே அதுதானே! பெயர்த்தகடு விழுந்துபோன ஜெனரேட்டர் வந்து இறங்கும். போல்ட்டின் தேய்மானம், பெயிண்ட் எத்தனை கோட், காயில் கம்பியை யார் சுற்றியது, இதையெல்லாம் பார்த்து வயது சொல்ல வேண்டும். மாயாபுரியில் அதற்கு ‘அந்தாஜ்’ என்று பெயர். அந்தாஜ் தப்பில்லை; அது தெரியாதவன் இந்தத் தொழிலில் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க மாட்டான். ஆனால் இப்போது டெல்லியில் பழைய டீசல் எஞ்சினுக்கு வயது கேட்கிறார்கள் அல்லவா, அதனால் வருகிறவனெல்லாம் “பாயி சாப், பிளேட் நயீ லகா தோ” என்கிறான். ஐந்து வருஷத்தைக் குறைத்துப் புதுத் தகடு அடித்துக் கொடு என்று அர்த்தம். பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் அடித்துக் கொடுக்கிறார்கள். நான் கொடுத்ததில்லை. நல்லவன் என்பதால் இல்லை, வியாபாரி என்பதால். நான் வாயால் சொல்லும் வயதை வாங்குகிறவன் நம்பலாம், நம்பாமல் பேரம் பேசலாம். தகட்டில் அடித்துவிட்டால் அவன் பேச்சை அங்கேயே அடைத்துவிடுகிறேன். சுமாருக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். நீ கடையில் வளராவிட்டாலும் என் சாப்பாட்டு மேஜையில் வளர்ந்தவன். அது உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

சங்கரன் பெயருக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறந்திருக்காது. கோமதி கோவிலுக்குப் போயிருந்தாள். அதனால்தான் நீ கேட்டாய் என்று நினைக்கிறேன். “அப்பா, சித்தப்பாவுக்கு டெத் டேட் காலியா இருக்கு. சாஃப்ட்வேர் கேக்குது.” நான் சொன்னேன்: “காலியா விடு.” நீ விடவில்லை. “கடைசியா பாத்த வருஷத்தோட ஏழு வருஷம் கூட்டிப் போட்டுரலாம்ப்பா. சட்டத்துலயும் அதான் கணக்கு. எஸ்டிமேட்தானே?” என்றாய். “சட்டம் கோர்ட்ல இருக்கட்டும். இது கோமதி இருக்க வீடு. காலியா விடு” என்றேன். “அச்சா, ஓகே அப்பா” என்றாய். அந்த வார்த்தையை நான் நம்பினேன். சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போதுகூட நான் எதிராளியின் முகத்தை நாலு தரம் பார்ப்பவன். உன் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். இரண்டு குடும்பத்து வம்சமும் மரமாக. எல்லோரும் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நான் பந்தியைப் பார்ப்பதா, பூக்காரனைப் பார்ப்பதா என்று ஓடிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பார்த்துப் பெருமைப்பட்டதோடு சரி. பெண் வீட்டார் கோயம்புத்தூர்ப் பக்கம், சம்பந்தி பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆரத்தி எடுப்பது கோமதி என்பது முதலிலேயே முடிவானது. நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவள் தட்டோடு படியில் நிற்கிறாள். பெண்ணின் அத்தை வேகமாக வந்தார்கள். கெட்ட மனுஷி இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். “ஏனுங்க சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. அவிங்க வீட்டுக்காரர் இல்லீங்களே. ஆரத்திக்கு வேற யாராச்சும் சுமங்கலி இருந்தா நல்லதுங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி கேட்டுவிட்டாள். “யாரு சொன்னா? எங்க வீட்டுக்காரவுகளுக்கு என்ன?” அந்த அம்மாள் பாவம், தர்மசங்கடத்தோடு ஃப்ளெக்ஸைக் காட்டினார்கள். “அதுல போட்டிருக்குதுங்களே...”

கோமதி தட்டோடு போய் அதன் முன்னால் நின்றாள். என் தம்பியின் படம். கீழே ‘தோற்றம்’ என்று ஒரு வருஷம், ‘மறைவு’ என்று ஒரு வருஷம். உன் பூட்டன், பூட்டி, யாருக்கு எடுத்தாலும் வருஷத்துக்கு முன்னால் ‘சுமார்’ இருந்தது. அவனுக்கு மட்டும் இல்லை. அவன் பிறந்த வருஷம் நமக்குத் தெரியும். இறந்த வருஷம் யாருக்குத் தெரியும்? கோமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பி, சின்னப் பிள்ளை சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். “அத்தான், மறைவுன்னா ஒளிஞ்சிருக்கதுதான? எங்கயோ மறைவா இருக்காவன்னுதான போட்டிருக்கான்?” அவளுக்குத் தமிழ் தெரியாதா கார்த்தி? ஊரில் சுவருக்குச் சுவர் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வாசித்து வளர்ந்தவள் அவள். அந்தச் சொல்லில் வேறு ஓர் அர்த்தம் மிச்சம் இருக்கிறதா என்று பிடித்துத் தொங்கினாள். தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் உன் கார் வந்து நின்றது. நீ இறங்கினாய். தட்டு வேறு கையில் இருப்பதைப் பார்த்தாய். ஃப்ளெக்ஸ் பக்கம் சித்தி நிற்பதையும் பார்த்தாய். இரண்டையும் பார்த்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை, ‘சித்தி, நீங்க வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அத்தையே வழிவிட்டிருப்பார்கள். அன்று மாப்பிள்ளை நீ; உன் சொல்லை யார் தட்டுவார்கள்? நீ செருப்பைக் கழற்றக் குனிந்தாய். குனிந்தவன் ஆரத்தி முடியும்வரை நிமிரவில்லை.

மறுநாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “அரே அப்பா, அது சாஃப்ட்வேர் தானா போட்டது. டிஃபால்ட். நான் கவனிக்கவே இல்ல. ஃப்ளெக்ஸ்காரன் ‘சுமார்’ங்கறத விட்டுட்டான். சாரி சொல்லிடறேன் சித்திகிட்ட” என்றாய். கண் கலங்கவும் செய்தாய். நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினேன். கோமதியிடம் போய், மிஷின் பண்ணின கூத்தும்மா, பிள்ளைக்குத் தெரியாது என்று நானே உனக்காகப் பேசினேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, “நான் பயந்துட்டேன் அத்தான். படிச்ச பய, கம்ப்யூட்டர்ல தேடி என்னத்தையோ கண்டுபிடிச்சிட்டானோன்னு” என்றாள். நீயும் உன் மனைவி நித்யாவும் பெங்களூருக்குக் குடிபோனபோது கட்டிக் கொடுத்த பொடியெல்லாம் அதற்குப் பிறகு அவள் இடித்ததுதான்.

நித்யா நல்ல பெண். வாரத்துக்கு ஒரு தரம் எனக்குப் போன் போடுகிறாள், நீ போடுவதில்லை. போன வாரம் ரொம்பக் கரிசனமாகக் கேட்டாள். “மாமா, நீங்க ஒரு தடவை ஹார்ட் செக்கப் பண்ணிக்கிறீங்களா? உங்க கூடப் பிறந்தவருக்கே அட்டாக் வந்திருக்குதுங்களே. டாக்டர் முதல்ல ஃபேமிலி ஹிஸ்டரிதான் கேப்பாங்க.” யாருக்கம்மா அட்டாக் என்றேன். “சித்தப்பாவுக்குத்தானுங்க மாமா. கான்பூர்ல வேலையா போன இடத்துல அட்டாக் வந்து தவறிட்டார்னு பொண்ணு பாக்க வந்தப்பவே கார்த்திக் எங்ககிட்ட தனியா சொன்னாரே. எங்கப்பாகூட ரொம்ப வருத்தப்பட்டாரு.” செக்கப் பண்ணிக்கிறேன் அம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். சாஃப்ட்வேர் ஏழைக் கூட்டும், எட்டைக் கழிக்கும். எஸ்டிமேட்டுக்கு மாரடைப்பு வருமா கார்த்தி? அதை வைத்தது நீ. ஊரை வைத்தாய், நோயை வைத்தாய், கடைசியில் வருஷமும் வேண்டுமே என்று அதையும் வைத்தாய். என்னிடம் ‘ஓகே அப்பா’ என்று சொன்னதற்குப் பிறகு வைத்தாய்.

ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஆள் பார்த்து வியாபாரம் செய்தவன். சம்பந்தி, ‘அங்கிள் என்ன ஆனார்?’ என்று கேட்டிருப்பார். காணாமல் போனார் என்றால் அடுத்த கேள்வி வரும். வேறு குடும்பம் வைத்திருந்தாரா? புத்தி சரியில்லையா? அது இந்த வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? செத்துப்போனார் என்றால் ‘அச்சச்சோ’வோடு முடிந்துவிடும். உனக்கு முடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில், காலேஜில், வேலையில் எங்கு போனாலும் இந்தக் கேள்வி உன் பின்னால் வந்திருக்கிறது. ஒரு மனுஷன் வராததால் உன் இளமை முழுக்க ஒரு கஃபேயின் தலைக்கு மேல் இரண்டு அறைக்குள் கழிந்தது. உனக்குக் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம். என்னிடம் கத்தியிருக்கலாம். ‘எத்தனை நாள் அப்பா காத்திருப்பீர்கள்?’ என்று மேஜையைத் தட்டியிருக்கலாம். நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அதோடு போயிருக்கும். நீ சண்டை போடவில்லை. எங்களோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, எங்கள் முதுகுக்குப் பின்னால் என் தம்பியை முடித்தாய். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நித்யாவோடு போனில் பேசிய அன்றே கோமதியிடம் உண்மையைச் சொன்னேன். பையன் பொய் சொல்லியிருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அந்த வருஷம் கற்பனை என்று சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள். “மொதல்ல மிஷினுன்னு சொன்னீய. இப்பப் பொய்யின்னு சொல்லுதீய. நாளைக்கு என்ன சொல்லுவீய அத்தான்? உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இத்தன நாளா எங்கிட்ட மறைச்சீயளா?” முப்பது நாற்பது வருஷம் மார்க்கெட்டில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. என் வீட்டில், என் தம்பி மனைவியிடம், அது செல்லாமல் போய்விட்டது. உனக்காக நான் பரிந்து பேசிய பேச்சே எனக்கு எதிராக நின்றது. இனி நான் எதைச் சொன்னாலும் அவளை ஆற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள்.

அவள் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? நீ நினைக்கிற கேள்வி இல்லை. அவன் செத்த திதி என்ன, எந்த மாசம் என்று அவள் கேட்கவே இல்லை. அவளைக் குடைவது வேறு. “அத்தான், நம்ம வீட்டுப் படியிறங்கினது ஒரு வருஷம். இவன் போட்டிருக்கது அதுக்கப்புறம் ஏழாவது வருஷம். அப்ப அந்த ஏழு வருஷமும் இருந்திருக்காவ. எங்க இருந்தாவ? யாரு கூட இருந்தாவ? இருந்துக்கிட்டு ஏன் வரல?” கீபோர்டில் ஓர் எண்ணைத் தட்டினாய் நீ. அதில் உனக்கு ஏழு வருஷம் என்பது ஒரு கூட்டல். அவளுக்கு அது புருஷன் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, தன்னை நினைக்காமல் கழித்த ஏழு தீபாவளி. இத்தனை காலம் அவள் அவன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஏதோ ஆகிவிட்டது, வர முடியவில்லை என்றே இருந்தாள். இப்போது கோபப்படுகிறாள். காலையில் குளித்து வந்து கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கிறாள், அழிக்கிறாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைக்கிறாள். செத்தவனுக்காக அழிக்கிறாளா, ஏமாற்றியவனுக்காக அழிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷனாக இருந்த என் தம்பியை அவள் மனசில் நீ கெட்டவனாக்கிவிட்டாய்.

நித்யா சொன்னதைக் கேட்டு உனக்குப் போன் போட்டு நான் கத்தியதும் கம்ப்யூட்டரில் திருத்திவிட்டதாக மெசேஜ் அனுப்பினாய். ஃபிக்ஸ்டு, அப்பா. ஒரு கட்டைவிரல் படம். பார்த்தேன், இறந்த வருஷத்துக்கான கட்டம் மறுபடி காலியாக இருக்கிறது. அங்கே காலியாகிவிட்டது கார்த்தி. இங்கே ஆகவில்லை.

புதுசாகக் குடும்பம் நடத்தப் போகிறவன் நீ. ஓர் அப்பன் கல்யாணமான மகனுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கும். எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று உன் மனைவியிடம் சொல்லக் கற்றுக்கொள். அவளும் அவள் அப்பாவும் அதைத் தாங்க மாட்டார்கள் என்று நீயே முடிவு பண்ணாதே. என் மருமகள் என் நெஞ்சு வலிக்குமோ என்று கவலைப்படுகிற பெண். அவளுக்கு நீ கொடுத்த கவலைகூடப் பொய்க் கவலை. இந்தக் கடிதத்தைக் குழுவில் போடுவதற்கு ஒரு நாள் முன்னால் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். அந்த ஒரு நாளில் நித்யாவிடம் நீயே சொல்லிவிடு. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் குழுவில் வாசித்துத் தெரிந்துகொண்டால், கோமதி அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றதுபோல அவள் நிற்பாள். அதை நான் செய்ய விரும்பவில்லை.

பிறகு டிக்கெட் எடுத்து வா. போனில் வேண்டாம், வீடியோ காலில் வேண்டாம். நித்யாவையும் அழைத்து வருவது உன் இஷ்டம். சித்தி முன்னால் உட்கார். ஹிந்தியையும் இங்கிலீஷையும் வெளியே விட்டுவிட்டு அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்: ‘சித்தி, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் கண்டுபிடிக்கல. அந்த ஏழு வருஷம் நானா கூட்டினது. அப்படி ஏழு வருஷமே கிடையாது.’ பெண் வீட்டில் அசிங்கமாக இருக்கும் என்று செய்தேன் என்பதையும் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள். எழுதியவன் சொன்னால் நம்பக்கூடும். நம்பினால் உடனே அடுத்ததைக் கேட்பாள். “அப்ப இருக்காவல்லா?” என்பாள். அதற்கும் ‘தெரியாது சித்தி’ என்றுதான் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவமே என்று ‘இருப்பார் சித்தி’ என்று சொல்லிவிடாதே. அதுவும் நீ வைக்கிற இன்னொரு வருஷம்தான். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடாதே. அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திரு.

கோமதி உன்னை மன்னித்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும். தோசை வேண்டுமா என்று கேட்பதில் அது முடிந்துவிடும். என்னிடம் அதை எதிர்பார்த்து வராதே. ஆனால் வா.

அப்பா